இரண்டும் தெரிந்த ஆள்

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து மேற்குப் பக்கமாக இறங்கும் கூட்டம் சந்து சந்தாகப் பிரிந்து கரைகிற இடத்தில், மாவு மில்லுக்கும் அய்யாதுரையின் நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நின்றது ஜானகியின் கடை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகும் அடையாள அட்டைகளை அடித்துக் கொடுக்கிற கடை. ஒரு பக்கம் மிளகாய்ப்பொடி நெடி, இன்னொரு பக்கம் சுக்கும் அதிமதுரமும், நடுவில் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மூன்றும் கலந்த காற்றைத்தான் ஜானகி சுவாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் கத்திரி தொடங்குவதற்கு முன்பே கடைக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினாள். 'ஆள் தேவை. டிசைன் தெரிந்திருக்க வேண்டும். டேட்டாபேஸ் புரோகிராமிங்கும் தெரிந்திருக்க வேண்டும்.'

கடை திறக்க வந்த அய்யாதுரை சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடியே அதை இரண்டு தடவை படித்தார்.

"என்னம்மா இது? மேளமும் வாசிக்கணும், சமையலும் பண்ணணும்னு கல்யாணத்துக்கு ஆள் தேடுற மாதிரில்ல இருக்கு. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சவன் கெடைக்கிறதே பெரும்பாடு."

"இத்தனை நாள் ஒருத்தர்தானே செஞ்சிண்டிருந்தார்?" என்றாள் ஜானகி.

அய்யாதுரை தன் கடைப் பூட்டைத் திறக்கப் போனார். அந்த ஒருத்தர் யாரென்று சந்துக்கே தெரியும்.

அட்டை என்பது கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு படம். நிறம், பள்ளியின் முத்திரை, எழுத்து, பிள்ளையின் முகம் எல்லாம் கண்ணுக்கு அழகாக உட்கார வேண்டும். ஆனால் அதன் வயிற்றுக்குள் இருப்பது வேறு சமாசாரம். ஒரு பள்ளிக்கு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். பெயர், வகுப்பு, பிறந்த நாள், ரத்தவகை, வீட்டு விலாசம். முகமெல்லாம் ஒரு பக்கம், விவரமெல்லாம் ஒரு பக்கம் கிடக்கும். இந்த முகத்துக்கு இந்த விவரம் என்று ஒன்றுகூடப் பிசகாமல் கோத்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். நிரஞ்சன் அதற்கென்று தானே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். படத்தையும் அவனே வரைவான், விவரத்தையும் அவனே கோப்பான். பெரிய கடைகளில் நாலு பேர் செய்கிற வேலையை, வாயில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, காலால் தாளம் போட்டபடி ஒருவனாகவே செய்துவிடுவான்.

அந்த நிரஞ்சன்தான் ஜானகியின் புருஷனாக இருந்தான். பெங்களூரில் நல்ல வேலை என்று போனான். வாரம் தவறாமல் வந்தவன் மாதத்துக்கு ஒருமுறை என்றான். பிறகு ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னான். யாரும் கத்தவில்லை. தட்டு, பாத்திரம் எதுவும் பறக்கவில்லை. குடும்ப நீதிமன்றத்தில் இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் அவன் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். அவளும் குடித்தாள்.

அவன் அப்பா வேதாந்தம் மட்டும்தான் கொதித்தார். ஏ.ஜி. ஆபீசில் பிறர் எழுதியதைத் திருத்தித் திருத்தியே ரிட்டயரானவர். "அவனோட எனக்குப் பேச்சு கிடையாது" என்றார். அப்படியே இருந்தார். குரோம்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போவதற்காக ஜானகி பெட்டியில் புடவைகளை அடுக்கியபோது வாசற்படியில் வந்து நின்றார். "நீ எங்க போறே? போறவன் போயிட்டான். கடையை யார் பாத்துப்பா? ஆத்துல எனக்கு ரசம் யார் வைப்பா?" பெட்டி மறுபடி பரணுக்குப் போயிற்று. அப்படித்தான், புருஷன் இல்லாத வீட்டில் அவன் அப்பாவும் அவளும் தங்கிப்போனார்கள்.

நிரஞ்சன் கடையை அடியோடு கைவிடவில்லை. சீசன் சமயத்தில் சாயங்காலங்களில் பெங்களூரிலிருந்தபடியே கடைக் கம்ப்யூட்டருக்குள் வருவான். அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. வரப்போகிறேன் என்று ஒரு சின்ன மெசேஜ் வரும். ஜானகி கம்ப்யூட்டரில் அனுமதி கொடுத்துவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் திரையில் அம்புக்குறி தானாக நகரும்.

அது நகர்கிற விதமே அவன்தான் என்று சொல்லிவிடும். எதையாவது யோசிக்கும்போது அம்புக்குறி சின்ன வட்டமாகச் சுற்றும். நேரில் உட்கார்ந்திருந்த காலத்திலும் அப்படித்தான் சுற்றுவான். வேலை முடிந்ததும் ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பான். ஜானகி பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பாள். பேச்சு கிடையாது. எப்போதாவது திரையில் ஒரு கட்டம் திறந்து, 'இந்தப் பள்ளிக்கு நீலம் கொஞ்சம் கூடுதலா போடட்டுமா?' என்று எழுத்துகள் வரும். 'போடு' என்று அவள் தட்டுவாள். அதுதான் அவர்கள் குடித்தனம்.

வேதாந்தம் அந்த நேரத்துக்குச் சரியாகக் கடைக்கு வந்துவிடுவார். காரணம் கேட்டால் ஜானகிக்குக் காபி கொண்டுவந்தேன் என்பார். பிளாஸ்கை மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு எதிரே உட்காருவார்.

"வந்துட்டானா?"

"வந்தாச்சுப்பா."

"இளைச்சுட்டானோ?"

அம்புக்குறியில் என்ன இளைப்பு, என்ன பெருப்பு! ஜானகி சிரிக்காமல், "நன்னாத்தான் இருக்கான்" என்பாள். அவரும் தலையை ஆட்டிக்கொள்வார்.

அந்த நிரஞ்சன்தான் சித்திரையில் போன் செய்து, இனிமேல் தன்னால் முடியாது, ஆள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. தாள் கண்ணாடியில் ஏறிற்று.

ஆட்கள் வந்தார்கள். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடைகளுக்கு விளம்பரம் போட்டுக்கொண்டிருந்த ஒருவன் வந்தான். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல டிசைன் செய்தான். டேட்டாபேஸ் என்றதும், "எக்செல்ல கூட்டல் போடுவேன் மேடம்" என்றான். கம்பெனியில் வேலை போய்விட்ட ஒரு என்ஜினீயர் பெண் வந்தாள். விவரங்களை நொடியில் கோத்தாள், ஆனால் எழுத்தைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் மூக்கின்மேல் உட்காரவைத்தாள்.

மூன்றாவதாக பிரபு என்று ஒருவன் வந்தான். அவனுக்கு இரண்டும் தெரிந்திருந்தது. நிரஞ்சனின் புரோகிராமைத் திறந்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது ரொம்பப் பழசு மேடம். தூக்கிப் போட்டுட்டு ஃபிரெஷ்ஷா எழுதிடலாம்" என்றான்.

ஜானகியின் முகம் மாறியது. சொல்லி அனுப்புகிறேன் என்றாள். அவன் தெருமுனை திரும்புவதற்குள் வேதாந்தம் ஆரம்பித்தார்.

"செருப்பை உள்ள வரைக்கும் போட்டுண்டு வரான் பாத்தியோ? நமக்குச் சரிப்படாது."

"ஆமாம்ப்பா. சரிப்படாது."

மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அட்டைகளுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்த அஃப்சருன்னிசா தலையைத் தூக்கினாள். மீர்சாகிப்பேட்டையிலிருந்து தினம் வருகிறவள். கடை தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிறவள். மனதில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"கோச்சிக்காத ஜானகிம்மா. நீங்க ரெண்டு பேரும் ஆள் தேடல. தேடுற மாதிரி பாவ்லா காட்டிக்கினு கீறீங்க."

"என்ன பாவ்லா?"

"அந்தப் புள்ளைக்கு இன்னா கொறச்சலு? ரெண்டும் தெரியும்னுது. நீ வேலை தெரிஞ்சவனத் தேடல. நிரஞ்சன் சாரத் தேடுற. அவரு வருவாரா? சொல்லு."

ஜானகி லேமினேஷன் மெஷினைத் துடைக்கப் போனாள். வேதாந்தம் பிளாஸ்கின் மூடியை இறுக்கமாகத் திருகி மூடினார். அன்று மத்தியானம் மோர்சாதத்துக்கு மாவடு தொட்டுக்கொண்டு மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அஃப்சருன்னிசா தன் டப்பாவிலிருந்த கத்திரிக்காயை வழக்கம்போல ஜானகியின் தட்டில் ஒரு கரண்டி வைத்தாள்.

பள்ளி திறக்கிற நாள் நெருங்கியது. சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளி. கடை ஆரம்பித்த முதல் வருஷத்திலிருந்து இவர்களிடம்தான் அட்டை வாங்குகிறது. பிள்ளைகளை நீலத்துணி முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாயிற்று. விவரங்களும் வந்துவிட்டன. நிரஞ்சன், 'இந்த ஒரு ஸ்கூல் மட்டும் முடிச்சுத் தரேன்' என்று மெசேஜ் அனுப்பியிருந்தான். ஜானகி தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வேதாந்தம் காபியோடு வந்தார். அம்புக்குறி வைத்த இடத்திலேயே கிடந்தது. மறுநாளும் அப்படியே. போன் அடித்தால் எடுக்கவில்லை.

"ஜுரமா இருக்குமோ?" என்றார் வேதாந்தம்.

"வேலை ஜாஸ்தியா இருக்கும்ப்பா."

"ஜுரம்னா கஷாயம் குடிக்கமாட்டான் அவன்."

பள்ளியிலிருந்து அவசரப்படுத்தினார்கள். கடைசியில் ஜானகி தானே உட்கார்ந்தாள். அவன் செய்வதை எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள்! பெயர்களை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டால் சுலபமாக இருக்கும் என்று அடுக்கினாள். பெயர் அடுக்கு மட்டும் நகர்ந்தது. அதோடு சேர்ந்து நகர வேண்டிய மற்ற அடுக்குகள் நின்ற இடத்திலேயே நின்றன. முகத்தோடு பெயர் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துக் கையாலேயே கோத்தாள். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை அவள் பார்க்கவில்லை. அட்டைகள் அச்சாகி, நாடா ஏறி, ஆட்டோவில் சாந்தோம் போய்ச் சேர்ந்தன.

அட்டை கொடுத்த மறுநாள் காலையில் தலைமையாசிரியை போன் செய்தார். அவர் எப்போதும் குரலை உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை.

"ஜானகி, ஒரு பிள்ளையோட அம்மா வந்து நிக்கிறாங்க. பிள்ளைக்கு ஓ நெகட்டிவ். கார்டுல பி பாசிட்டிவ்னு இருக்கு. அவங்க நர்ஸுங்கறதால கவனிச்சாங்க. கவனிக்காத வீடு எத்தனையோ?"

ஜானகி கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரையில் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று இல்லை, பத்து இல்லை. கொடுத்த அத்தனை அட்டைகளிலும் பிறந்த நாள், விலாசம், ரத்தவகை எல்லாம் இடம் மாறியிருந்தன. ஒரு குழந்தைக்கு அடிபட்டு, யாராவது அட்டையைப் பார்த்து... அதற்குமேல் நினைக்க அவளால் முடியவில்லை.

அஃப்சருன்னிசாவை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். லஸ் தாண்டி வெயில் தார் ரோட்டில் தண்ணீர்போலப் பளபளத்தது. பள்ளியில் வகுப்பு வகுப்பாகப் போய், பிள்ளைகளிடமிருந்து அட்டைகளைத் திரும்ப வாங்கினார்கள். புதுசு கையைவிட்டுப் போகிறதே என்று சின்னவை சில முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. ஒருத்தி, "என்னோட போட்டோ நல்லா விழுந்திருக்கு மிஸ், இதையே குடுங்க" என்று அழுதாள். "இதே போட்டோதாண்டா கண்ணு, இதேதான்" என்று ஜானகி அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தாள். தலைமையாசிரியை வாசல் வரை வந்தார். "தப்பு எல்லாருக்கும் வரும். ஆனா இது வரக்கூடாத தப்பு. உங்ககிட்ட ஆள் இல்லேன்னா சொல்லிருங்க, நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்" என்றார். ஜானகி தலையைக் குனிந்துகொண்டாள். கடல் காற்று உப்பாக வந்து முகத்தில் அடித்தது.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு இவர்கள் கடைக்குத் திரும்பியபோது முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சுடிதார், தோளில் துணிப்பை, கையில் வேதாந்தம் கொடுத்த மோர் தம்ளர். எதிரே வேதாந்தம் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தார்.

"ரிஸீவ். இங்கிலீஷ்ல எழுது பாப்போம்."

அவள் எழுதினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஐயும் ஈயும் இடம் மாறிப்போச்சு."

"ஸ்பெல்லிங் பாக்கறதுக்குத்தான் கம்ப்யூட்டர்லயே கீதே தாத்தா."

"கீதா?"

"இருக்கு. இருக்கு தாத்தா" என்று அவள் அவசரமாகத் திருத்திக்கொண்டாள்.

பெயர் அன்புக்கரசி. பி.சி.ஏ. படித்தவள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் சைதாப்பேட்டையில் ஒரு பேனர் கடையில் டிசைன் செய்துகொண்டிருந்தாள். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். கண்ணாடியில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"வீடு எங்க?"

"இப்ப பெரும்பாக்கம்க்கா. முன்ன சைதாப்பேட்ட பாலத்தாண்டதான் இருந்தோம். அங்கேருந்து இங்க நடந்தே வந்துடலாம். வெள்ளத்துக்கப்புறம் எல்லாரையும் அங்க கொண்டு போய் வுட்டுட்டாங்க. இப்போ ரெண்டு பஸ்ஸு மாறி வரணும்." கொஞ்சம் நிறுத்தி, "இந்தப் பக்கமே வேலை கெடைச்சா பரவால்லன்னு பாக்கறேன்" என்றாள்.

ஜானகிக்கு நேர்காணல் நடத்துகிற தெம்பு இல்லை. மூட்டையை மேஜையில் கொட்டினாள். நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னாள்.

அன்புக்கரசி ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "ஸார்ட் பண்ணும்போது பேரு அடுக்க மட்டும் செலக்ட் பண்ணிட்டீங்களாக்கா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"நானும் காலேஜ்ல பண்ணிகீறேன். மார்க்கெல்லாம் மாறிப்போயி பெயிலானவன்லாம் பாஸாயிட்டான்." சிரித்தவள், ஜானகியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ஒரிஜினல் கீதில்ல? அப்போ பயப்படாதீங்க."

நிரஞ்சனின் இருக்கையில் அவளை உட்காரவைக்க ஜானகிக்கு ஒரு கணம் மனசு வரவில்லை. அதில் இதுவரை வந்தவர்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. வந்தவர்களை முக்காலியில் உட்காரவைத்தே சோதித்து அனுப்பியிருந்தாள். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றாள்.

அன்புக்கரசி புரோகிராமைத் திறந்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பாதி புரிகிறது, பாதி புரியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னாள். "நல்லா எழுதிகிறாருக்கா. ஆனா இத்த ஓட்ட பாஸ்வேர்டு கேக்குது. அந்த சாராண்ட பேசணும்."

ஜானகி போன் செய்தாள். அந்தத் தடவை எடுத்துவிட்டான்.

"நெருப்பு மேல நின்னுண்டிருக்கேன் நிரஞ்சன். ஏன் எடுக்கலை?"

"ஸாரி ஜானு. ஆஸ்பத்திரில இருந்தேன்."

"உனக்கு என்ன?" என்றாள். கேட்ட வேகத்தைப் பார்த்து அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லை. சொல்லு, என்ன ஆச்சு?"

சொன்னாள். அவன் உடனே உள்ளே வந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்கள். அவன் அங்கிருந்து சொல்லச் சொல்ல அன்புக்கரசி கேட்டுக் கேட்டுச் செய்தாள். "இந்த வரி எதுக்கு சார்?" "அது போட்டோ பேரோட அட்மிஷன் நம்பரைச் சேக்கறதும்மா." "ஓ... அப்போ பேரை வெச்சு சேக்கவே கூடாது, இல்ல சார்?" "கூடவே கூடாது. ஒரே பேர்ல பத்துப் பேர் இருப்பா." திரையில் ஒரே அம்புக்குறி, இரண்டு கைகள். சில சமயம் இருவரும் ஒன்றாக இழுக்க, அது நடுவழியில் தவித்தது. "நீ பண்ணு, நான் தொடலை" என்று அவன் விலகிக்கொண்டான். ஜானகி அவன் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வேலையைப் பற்றிப் பேசும்போது அந்தக் குரலில் வருகிற உற்சாகம் இருக்கிறதே, அதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! அது வேறொருத்திக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. இருந்தாலும் போதும்போல் இருந்தது அவளுக்கு. வேதாந்தம் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் போனுக்குள்ளிருந்து ஒரு பிஞ்சுக் குரல் வீறிட்டது.

 அஃப்சருன்னிசாவின் கையிலிருந்த நாடா நழுவிற்று. அங்கே நிரஞ்சன், "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போவது கேட்டது. அழுகை பெரிதாகி, சற்று அடங்கி, மறுபடி பெரிதாயிற்று.

ஜானகியும் அவனும் எத்தனை டாக்டர்களைப் பார்த்திருக்கிறார்கள். எத்தனை தடவை, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று காலண்டரைத் திருப்பியிருக்கிறார்கள். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போன் அருகே குனிந்தபோது குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"என்ன குழந்தை, நிரஞ்சன்?"

"பொண்ணு." குழந்தையோடு போன் அருகே வந்திருந்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"இப்படித்தான் சொல்றது. அம்மாவும் குழந்தையும் சௌக்கியமா?"

"சௌக்கியம். ஆனா விடாம அழறா. ராத்திரி பூராவும்."

வேதாந்தம் எழுந்தார். மேஜையை நோக்கி வந்தார். போனைப் பார்க்காமல் ஜானகியைப் பார்த்து, கடை முழுதும் கேட்கிற குரலில் சொன்னார்: "வயத்துல வாயு. தோள்ல சாச்சுண்டு முதுகைத் தடவச் சொல்லு அவன்ட்ட. கீழேர்ந்து மேல தடவணும். அவனையும் அப்படித்தான் நான் தூக்கிண்டு நடந்தேன்."

அந்தப் பக்கம் நடக்கிற காலடி கேட்டது. ஜானகி அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவசியமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அழுகை விக்கலாக மாறி ஓய்ந்தது.

"அப்பா..." என்றது போன்.

வேதாந்தம் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய், ஆறின காபியை ஒரே வாயில் குடித்தார்.

வேலை அன்றைக்கே ஒழுங்குக்கு வந்துவிட்டது. அன்புக்கரசி மேலும் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையையும் பள்ளியின் மூலத்தாளோடு ஒத்துப் பார்த்தாள். ஜானகி வாசிக்க, அவள் திரையில் பார்க்க, அஃப்சருன்னிசா கோக்க என்று புது அட்டைகள் சாந்தோமுக்குப் போயின. அழுத சின்னப்பெண் தன் போட்டோவை உற்றுப் பார்த்துத் திருப்திப்பட்டாள். தலைமையாசிரியை தானே ஐம்பது அட்டைகளை எடுத்துச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அன்புக்கரசி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, அந்த சாருக்கு வெளியேருந்து உள்ள வர வழி கீதே... அத்த மூடிடவா? பிள்ளைங்க விவரம்லாம் கீது. வேற எவனாவது பூந்துட்டான்னா?"

அவள் சொல்வது நியாயம். ஜானகி வேதாந்தத்தைப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடிடு" என்றாள்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை அஃப்சருன்னிசா தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கிழித்தாள். வெயிலில் காய்ந்த பசை லேசில் வரவில்லை.

அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் வேதாந்தத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிளாஸ்கோடு வருவார், உட்காருவார், அன்புக்கரசியின் கை மவுஸில் இருப்பதைப் பார்ப்பார், எழுந்து போய்விடுவார். ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார்.

"போய்ப் பாத்துட்டு வாங்கோப்பா" என்றாள் ஜானகி.

"யாரை?"

"பேத்தியை."

"நான் அவனோட பேசறதில்லை."

"குழந்தையோட பேசுங்கோ."

அவர் ரசத்தை ஒதுக்கிவைத்தார். பிறகு, குழந்தைமாதிரி, "நீ தப்பா எடுத்துக்கமாட்டியே?" என்றார். ஜானகி எழுந்து போய் அவருடைய வேஷ்டிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிடும்போது அவர் ஜன்னல் வழியாகப் பிளாஸ்கை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "இது இங்கயே இருக்கட்டும். சீக்கிரம் வந்துடுவேன்." வண்டி நகர்ந்தது. அவர் எப்போது வருவார் என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஆனி பிறந்து சீசன் தணிந்தது. ஒரு மத்தியானம் அன்புக்கரசி சும்மா இருக்கமுடியாமல் கேட்டாள்.

"அக்கா, ஊருக்கெல்லாம் கார்டு அடிக்கறோம். நம்ம கழுத்துல ஒண்ணும் இல்லியே? நமக்கும் அடிச்சா இன்னா?"

அஃப்சருன்னிசா குதூகலமாகிவிட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நீலத்துணி முன்னால் போய் நின்றாள். அன்புக்கரசி படம் எடுத்தாள். கடலை எண்ணெய் மஞ்சளில் ஓரம் வைத்து அழகாக ஒரு டிசைன் போட்டிருந்தாள். விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தாள்.

"அவசரத்துக்கு யாரைக் கூப்டணும்?"

"எங்கூட்டுக்காரரு போன் எப்பயும் சுவிச் ஆப்பு. எம் பொண்ணு நம்பரப் போடு."

அன்புக்கரசி தன்னுடையதில் அப்பாவின் எண்ணைப் போட்டுக்கொண்டாள். "உங்களுக்குக்கா?"

ஜானகியின் வாய் தானாகத் திறந்து எண்களைச் சொல்லத் தொடங்கிவிட்டது. பாதியில்தான் அது யாருடைய எண் என்று அவளுக்கு உறைத்தது. நிறுத்தினாள். அன்புக்கரசியின் விரலும் நின்றது. அந்த எண் இப்போது அவளுக்கும் தெரிந்த எண்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடித்ததை ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் அழித்தாள்.

"காலியா விட்டுடேன்" என்றாள் ஜானகி.

"விடாதுக்கா. அந்தக் கட்டம் ரொப்பாம சேவ் ஆவாது. சார் அப்படி எழுதி வெச்சிகிறாரு." கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, "மாத்திடட்டா? ரெண்டு நிமிசந்தான்" என்றாள்.

மாவு மில்லில் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜானகி திரையில் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம். அவர் எழுதினது சரிதான். அதைக் காலியா விடக்கூடாது."

போனை எடுத்து வேதாந்தத்தை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். கடைசி மணியில் எடுத்தார்.

"அப்பா, கடையில எங்களுக்கு கார்டு அடிக்கறோம். என்னோடதுல உங்க நம்பரைப் போட்டுக்கறேன். எனக்கு ஏதாவதுன்னா உங்களைத்தான் கூப்பிடுவா."

"என்னையா?" பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. "நான் கண்ணாடியைத் தேடி, பச்சை எது சிவப்பு எதுன்னு பாத்து எடுக்கறதுக்கே நாழியாறதேடி." ஒரு மூச்சு விட்டார். "சரி, போடு. ரெண்டு தரம் அடிக்கச் சொல்லு."

"சரிப்பா."

அவர் போனை வைக்கவில்லை. வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார் போலிருக்கிறது. அந்த அறையின் சத்தமெல்லாம் கேட்டது. பாத்திரம் வைக்கிற ஓசை. யாரோ கன்னடத்தில் சிரித்துப் பேசுகிறார்கள். பிறகு, கிட்டத்தில் வந்து நின்று நிரஞ்சன் கேட்டான்:

"யாருப்பா போன்ல?"

ஜானகி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கிழவர் சற்று யோசித்தார்.

"ஆத்துலேர்ந்து" என்றார்.